வெற்று இருக்கைகளோடு பேசிய இசாமு குரோகி

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் இரத்தினவேல் ஐயா அவர்களே, சனிதோறும் எங்களுக்குத் தமிழ் ஊட்டும் ஆசிரியப் பெருமக்களே, வேலை முடிந்த கையோடு இந்தப் புருசெத் மண்டபத்துக்கு விரைந்து வந்திருக்கும் தாய்மாரே, தந்தையரே, முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே, உங்கள் எல்லோர் முன்னும் ஆரணி தலை வணங்குகிறேன்.

என் அம்மாவின் தந்தை, என் அம்மப்பா, இசாமு குரோகி மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். யப்பானியர் ஒருவருக்குத் தமிழ் மண்டபத்தில் ஏன் நினைவுக்கூட்டம் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் மூன்று ஆண்டுகளாக நான் மறைத்து வைத்த ஒன்று இருக்கிறது. அதை என் அம்மா கேட்கும்படி சொல்லவே மேடையேறினேன்.

இருபத்துமூன்று வயதில் ஒஸ்லோவுக்கு வந்தவர் அவர். விடியுமுன் பத்திரிகை போட்டார். பகலெல்லாம் சுரங்க ரயில் பெட்டிகளைக் கழுவினார். ஓராண்டா? பத்தாண்டா? முப்பத்தாறு ஆண்டுகள். யப்பானில் ரயில் வேலை பழகியவர்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. விரலால் சுட்டுவார்கள், வாயால் உரக்கச் சொல்லுவார்கள். கண் களைத்தாலும் விரல் விழித்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அம்மப்பாவும் வெற்றுப் பெட்டிக்குள் நடந்து ஒவ்வோர் இருக்கையையும் சுட்டி, ஆள் இல்லை என்று அறிவிப்பார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கு அது பழக்கம்.

ஓய்வு பெற்றபின் என்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டி வரும் வேலையை எடுத்துக்கொண்டார். வாசலில் காத்திருந்த காலத்தில் தமிழும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம். பள்ளிப் பிள்ளைகள் பனிச்சறுக்கலுக்குப் போனோம், அம்மப்பாவும் துணைக்கு வந்தார். பேருந்தில் ஏறிய பிள்ளைகள் நாற்பத்தொருவர். போய் இறங்கியதும் அருட்செல்வம் ஆசிரியர் எண்ணினார். நாற்பத்தொருவர். கணக்குச் சரி. சரியா? பேருந்தைத் தவறவிட்டுத் தகப்பனின் காரில் நேரே அங்கு வந்திறங்கிய லதீசனும் அந்த வரிசையில் நின்றான் என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை. ஆசிரியர் தலையாட்டுகிறார். இதைச் சொல்ல அனுமதி தந்தவரும் அவர்தான்.

குளிர், பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகை. சாரதி ஜோனாஸ் வண்டியை மாலைவரை பூட்டப் போனார். அம்மப்பா கதவருகே நின்று விரலை நீட்டினார். எனக்கு முகம் கொதித்தது.

"அம்மப்பா, இண்டைக்கு மட்டும் உதைச் செய்யாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"உனக்கு வெக்கம் எண்டால் கொஞ்சம் தள்ளி நில், ஆரணி. எனக்கு வேலை இருக்கு," என்றார்.

தள்ளி நின்றேன். அப்போது லதீசன் கேட்டான்: "உந்தக் கிழவர் சீற்றோடை கதைக்கிறார். ஆரடி அவர்?"

அவையோரே, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்குத் தெரியாது" என்றேன்.

உள்ளே அவர் குரல் நகர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகள் வந்த வண்டி என்பதாலோ என்னவோ, அன்று தமிழிலேயே சொன்னார். "ஆள் இல்லை. ஆள் இல்லை. ஆள் இல்லை." வெளியே சிரிப்பு. கடைசி வரிசையில் குரல் நின்றது. பிறகு, அதே அளவான குரலில், கூட்டாமல் குறைக்காமல்:

"ஆள் இருக்கு."

மேலங்கிக் குவியலுக்கு அடியில், ஆறு வயதுத் துஷ்யா நித்திரை. காய்ச்சல் வேறு. மாலைவரை அந்த வண்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் வரிசையில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கும் அவளைப் பாருங்கள், போதும்.

ஐயா மணியைத் தொடுகிறார். இதோ முடிக்கிறேன், ஐயா.

கடும் உழைப்பாளி என்று எல்லோரும் அவரைச் சொல்கிறீர்கள். எது கடினம்? சுமப்பதா? கழுவுவதா? ஒன்றும் இருக்காது என்று உலகமே சொல்லும் இடத்தில், இன்றும் பார்க்கிறேன் என்று நுழைவதுதான் கடினம். முப்பத்தாறு ஆண்டுகளில் ஓர் உயிரையும் அவர் அந்தப் பெட்டிகளில் கண்டெடுத்ததில்லை. கண்டவை குடைகளும் கையுறைகளும். ஆயினும் நாளும் நுழைந்தார், நாளும் சுட்டினார், நாளும் சொன்னார். இலட்சம் தடவை ‘ஆள் இல்லை’ என்று சலிக்காமல் சொன்ன வாய்க்குத்தான், ஒரு தடவை ‘ஆள் இருக்கு’ என்று சொல்ல வாய்த்தது.

நான் சொன்ன அந்த இரண்டு சொற்கள் அவர் காதில் விழுந்தனவா? அறியேன். கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. வந்தபோது அவர் இல்லை. அம்மா, என்னை மன்னியுங்கோ.

இந்த மாசியிலும் பேருந்துகள் போகின்றன. மூன்று பேருந்துகள், நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். கடைசியாக ஏறிப் பார்க்கும் பொறுப்புக்கு என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். விரலை நீட்டுவேன். வாய்விட்டுச் சொல்வேன். யாரடி நீ என்று எவர் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விடை ஒன்றுதான்: இசாமு குரோகியின் பேத்தி.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, கைகூப்பி இறங்குகிறேன்.