முப்பத்தொரு வரிக் கல்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீரில் சர்க்கரை சற்றுக் கூடுதல். குறையாகச் சொல்லவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவனுக்கு நாக்கும் ஒரு தராசாகிவிடுகிறது. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் தராசு என்னோடு வந்துவிடும். என் மாமனார் கடைத் தராசையும் ஒருமுறை தூக்கிக்கொண்டு வந்தேன். அதன்பின் சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. அதற்கு முன்பும் அவர் அதிகம் பேசியவர் இல்லை என்பதால் எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம், நான் ஒருபக்கம் சாய்கிற ஆள் இல்லை என்பது பதிவாக வேண்டும். எழுதுகிறவர் எழுதிக்கொண்டாரா? நல்லது.

என் தம்பியை உங்களுக்கெல்லாம் தெரியும். ரசிகர்கள் அவனைக் 'கரகரப்பு' என்றார்கள், குரலை வைத்து. வீட்டில் அவன் சின்னவன். கிட்டார் வாசித்தான், ப்ளூஸ் ராக் என்பார்கள், சோகத்தை இழுத்துப் பாடுகிற மேல்நாட்டு வகை. முப்பது ஆண்டுகளில் முப்பத்தொரு இசைத்தட்டு. எங்கள் தாத்தா நீதிமன்ற எழுத்தர், அப்பா நில அளவையாளர். தலை வாராமல் தெருவில் இறங்கியவர் எங்கள் பரம்பரையில் கிடையாது. சின்னவன் முடி வளர்த்தபோது ஒரு வருடம் அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், சுவரில் ஒட்டியிருந்த அவன் படத்தை ஒரு பல் டாக்டர் கிழியாமல் உரித்து எடுத்துப் போவதைப் பார்த்தேன். பல் டாக்டர். அன்று புரிந்தது. கௌரவம் எந்த வாசல் வழியாக வந்தாலும், வந்தபின் அதைக் காப்பது மூத்தவன் வேலை.

எங்கள் வீட்டின் பின்னால் ஓர் அறை உண்டு. முன்பு அங்கே குடியிருந்தவர் ஐஸ்கிரீம் வியாபாரி. அது அவருடைய குளிர் அறை. ஒரு முழக் கனத்தில் சுவர், இரும்புக் கதவு, தாழ்ப்பாள் வெளியே மட்டும். காற்றுக்கு ஒரு குழாய். உள்ளே என்ன கத்தினாலும் வெளியே வராது. கதவில் காதை வைத்தால் தட்டுவது மட்டும் கேட்கும். சின்னவன் பாட்டுப் பதிவு செய்தது எல்லாம் அங்கேதான்.

அவனுக்கு ஒரு பழக்கம். ஓர் இடத்தில் உட்கார மாட்டான். பாதிப் பாட்டில் எழுந்து போய் யாரோடாவது அரட்டை அடிப்பான். அதனால் இரண்டாவது இசைத்தட்டின்போது அவனே என்னிடம் கேட்டுக்கொண்டான், வெளியே தாழ்போடச் சொல்லி. கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு பச்சை பல்பு. அதற்கு சுவிட்ச் உள்ளே. எல்லாப் பாட்டும் முடிந்தால் அவன் சுவிட்சைப் போடுவான், பச்சை எரியும், நான் திறப்பேன். அதுவரை ரொட்டியும் தண்ணீரும் உள்ளேயே. ஒரு மூலையில் சின்னக் கழிப்பறையும் கட்டிக் கொடுத்தேன்.

ஆறாவது இசைத்தட்டில் ஒரு தவறு நடந்தது. தவறு என்னுடையது. இரண்டாம் நாள் அவன் கதவை விடாமல் தட்டினான். மனசு கேட்காமல் திறந்துவிட்டேன். எட்டே பாட்டோடு முடிந்தது. அது சப்பையான தட்டு என்பதை அவன் ரசிகன்கூட மறுக்க மாட்டான். சின்னவன் என்னிடம் வந்து சத்தம் போட்டான்.

"நான் தட்டினா நீ ஏண்ணா தொறந்தே? இனிமே நான் அழுதாலும் தொறக்காதே. பச்சை எரிஞ்சாத்தான் கதவு."

எழுதிக் கொடு என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டான். உங்கள் மேசையில், கண்ணாடிக் காகித உறைக்குள் இருப்பது அதுதான். தயவுசெய்து அதன்மேல் தேநீர்க் குவளையை வைக்காதீர்கள்.

மூன்றாவது இசைத்தட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. விவரம் முழுமையாக இருக்கட்டும். அன்று வேலை முடிந்து, எடைப்பெட்டியோடு நேராகப் பின்னறைக்குப் போய்த் தாழை விலக்கினேன், அப்போது விதி அவ்வளவு கண்டிப்பில்லை. பித்தளை எடைக்கற்கள் ஒவ்வொன்றும் தன் குழியில் உட்கார்ந்திருக்கும் தேக்குப் பெட்டி. சாப்பிட வருகிறாயா என்று கேட்டேன். அவன் தந்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபத்தில் பெட்டியை ஒரு அடி அடித்து மூடினேன். அவன் தலையைத் தூக்கினான்.

"அண்ணா, அதே மாதிரி இன்னொரு தடவ மூடு."

மூடினேன். நாலாவது பாட்டின் நடுவில், எல்லாம் நின்றுபோகிற ஒரு இடத்தில், அந்த இரண்டு சத்தமும் இருக்கிறது. டொப், டொப். உறையின் பின்பக்கம், அடியில், சிறிய எழுத்தில் போட்டிருந்தான்: எடைப்பெட்டி: அண்ணன். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிரதி மட்டும் கண்ணாடி போட்டு மாட்டினேன்.

போன வருடம் ஒரு விமர்சகர், சின்னவனின் முப்பத்தொரு தட்டுகளையும் தரவரிசைப்படுத்திப் பத்திரிகையில் எழுதினார். மூன்றாவதை முப்பத்தொன்றாம் இடத்தில் போட்டிருந்தார். 'நாலாவது பாட்டில் யாரோ பெட்டி மூடுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை' என்று ஒரு வரி. அந்தச் சப்பை ஆறாவதற்கும் கீழே.

நான் கோபப்படவில்லை. அறிவியல் முறையில் அணுகினேன். முப்பத்தொரு தட்டுகளையும் ஒரு நுண்தராசையும் எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் நிறுத்தேன். மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. மூன்றாவது மட்டும் இரண்டு கிராம் கூடுதல். சரக்கு இல்லாமல் எடை கூடாது என்று எடுத்துச் சொன்னேன்.

"ஐயா, எல்லாரும் பாட்டைக் காதால கேக்கறாங்க. நீங்க கிலோக் கணக்குல கேக்கறீங்க."

"கிராம் கணக்கில்" என்று திருத்தினேன். அவர் சிரித்தார். என் வேலைக்காலத்தில் தராசைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் எடையில் கைவைத்தவர்கள்.

குடும்பமே ஒரு தரவரிசை வெளியிடுவது என்று முடிவு செய்தேன். சின்னவன் முதன்முதலில் வாசித்த அரங்கத்தின் நிர்வாகிகள் முகப்புச் சுவரில் இடம் கொடுத்தார்கள். கறுப்புக் கருங்கல், ஆறடி உயரம், முப்பத்தொரு வரி. கல்லில் வெட்டியதை எந்த விமர்சகனும் அழிக்க முடியாது. வீட்டில் முறையாக வாக்கெடுப்பு நடத்தினேன். சின்னவன் மனைவி குறுக்கே பேசினாள்.

"மாமா, மூணாவதுல ஒரு பாட்டுகூட எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டுதான் முதல்ல வரணும். அதுல என்னைப் பத்திப் பாடியிருக்காரு."

சொந்த விருப்பு வெறுப்பைத் தராசில் வைக்கக் கூடாதம்மா என்று பொறுமையாக விளக்கினேன். சின்னவன் கிட்டாருக்குத் தந்தி மாட்டிக்கொண்டே சொன்னான்:

"எதை வேணா போட்டுக்கண்ணா. எனக்கு எப்பவும் அடுத்ததுதான் நல்லது."

அவன் வாக்களிக்கவில்லை. அவள் வாக்கு ஒன்று. மூத்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு. மூன்றாவது முதலிடம் பெற்றது. கல் தச்சர் இரண்டு மாதம் வேலை செய்தார். மேலே நான்கு விரற்கடை, கீழே நான்கு விரற்கடை, நடுவில் முப்பத்தொரு வரி. ஒரு மயிரிழை பிசகில்லை. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்து அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, காலைச் சாப்பாட்டில் சின்னவன் சொன்னான்: "அண்ணா, இன்னொண்ணு பண்ணப் போறேன்."

"எப்போது?"

"திங்கக்கெழமை உள்ள போறேன். புதுசா ஒண்ணும் இல்ல. அந்த மூணாவதையே மறுபடி வாசிக்கப் போறேன். பெட்டிச் சத்தம் இல்லாம." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்தான். "அந்த ஆளு எழுதினது சரிதாண்ணா. எனக்கே ரொம்ப நாளா உறுத்திட்டிருந்துது. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. கோவிச்சுக்கிட்டியா?"

இல்லை என்றேன். உண்மையும் அதுதான். என் கவலை கல்லைப் பற்றியது. அன்றே தச்சரிடம் போய், இன்னொரு வரிக்கு இடம் உண்டா என்று கேட்டேன்.

"கல்லுக்கு ரப்பர் கெடையாது ஐயா. முப்பத்தொண்ணுன்னீங்க, வெட்டிட்டேன். முப்பத்திரண்டு வேணும்னா கல்லு வளரணும். இல்ல, உங்க தம்பி நிக்கணும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர்மேல் வழக்குப் போட வேண்டாம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சின்னவன் உள்ளே போனான். நான்கு நாளைக்கு ரொட்டி, பிஸ்கட், குடங்களில் தண்ணீர். கழிப்பறைக்கு வந்த தண்ணீர்க் குழாயை அடைத்திருந்தேன், ஒழுகுகிறது என்று சொல்லி. அது ஒழுகவில்லை. அவன் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தாழ்போட்டேன். நாற்காலியைக் கதவருகே போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தேன். அவன் கேட்டுக்கொண்டபடியே நடந்தேன். பச்சை எரியவில்லை. நான் திறக்கவில்லை.

ஆறாம் நாள் அவள் தொலைபேசியில் கேட்டாள்.

"மாமா, எத்தனை பாட்டு முடிஞ்சுது?"

"நல்லாப் போயிட்டிருக்கும்மா."

"நாளாச்சே. சாப்பாடெல்லாம் இருக்குமா?"

"பச்சை எரியலையே."

"சரி, அவசரப்பட்டுத் தொறந்துடாதீங்க. அப்புறம் ஆறாவது மாதிரி ஆயிடும், என்னைத்தான் திட்டுவாரு."

பாருங்கள், வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான்.

பல்பைப் பற்றி நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். திங்கட்கிழமை, தாழ்போடும் முன், அவன் உள்ளே தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது நான்தான் கழற்றினேன். எடைப்பெட்டியில் ஐநூறு கிராம் கல்லின் குழியில் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் எப்போது சுவிட்சைப் போட்டான் என்று எனக்குத் தெரியாது. பதிவைக் கேட்டபின் தெரிகிறது: மூன்றாம் நாள் மாலை. பத்துப் பாட்டும் முடித்திருக்கிறான். பெட்டிச் சத்தம் இல்லாமல். நன்றாக வாசித்திருக்கிறான், ஆனால் நாலாவது பாட்டில் ஒரு ஓட்டை தெரிகிறது.

நான்காம் நாள் காலை தட்டத் தொடங்கினான். முதலில் தாறுமாறாக. பிறகு, என்னை அடையாளம் காட்டி அழைப்பதுபோல, அந்த நாலாவது பாட்டின் தாளத்தைத் தட்டினான். கதவில் காதை வைத்திருந்தேன். எல்லாம் நின்றுபோகிற அந்த இடம் வந்தது. நின்றான். காத்திருந்தான்.

மரியாதைக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா? பெட்டியைக் கதவோடு அணைத்து வைத்து மூடினேன். டொப், டொப்.

பிறகு மறுபடி முதலிலிருந்து, இரண்டு மடங்கு வேகத்தில். அண்ணன் வெளியேதான் இருக்கிறான் என்று தெரிந்த சந்தோஷம் அந்தத் தட்டலில் இருந்தது. மறுபடி நின்றான், மறுபடி மூடினேன். இப்படிப் பதினேழு முறை, ஐந்து நாள். போகப்போக வேகம் குறைந்தது. ப்ளூஸ் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவனே சொல்வான். ஒன்பதாம் நாள் நான் மட்டும் வாசித்தேன். பத்தாம் நாள் அவன் மனைவி ஊரிலிருந்து வந்து தாழ்ப்பாளை விலக்கினாள். இப்போது அவளும் என்னோடு பேசுவதில்லை.

பதிவுக் கருவியை அவன் கடைசிவரை நிறுத்தவில்லை. நேற்று இந்த அறையில் அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். என் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து நீங்கள் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டீர்கள். நீங்கள் நினைத்தது வேறு. கிட்டார் இல்லை, பாட்டு இல்லை. ஒரு கதவு, ஒரு பெட்டி. அவன் கை பக்கத்தில் கேட்கிறது, என் பெட்டி எங்கோ தூரத்தில். முப்பது ஆண்டுகளில் அவன் இப்படி வாசித்ததில்லை. அடுத்ததுதான் நல்லது என்று சொன்னானே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

ஆகவே, ஆம். தெரிந்தே கொன்றேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் தராசு பொய் சொல்லக் கூடாது. தச்சருக்கு ஆள் அனுப்பி, அந்தக் கல்லை உடைத்துவிட்டு நீளமான கல் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு வரி. மூன்றாவது தட்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. முதலிடம் இதற்குத்தான். தட்டு வெளியாகும்போது உறையின் பின்பக்கம் 'எடைப்பெட்டி: அண்ணன்' என்று போட மறந்துவிட வேண்டாம். இந்த முறை எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். பதினேழு இடத்தில் வருகிறேன்.