துப்பாக்கியில ரோஜாப்பூ

இத எனக்கு மொதல்ல சொன்னது லோரீன்தான் தம்பி. போன செவ்வாக்கிழமை, சர்ச் சமையக்கட்டுல, ரெண்டு பேரும் உருளைக்கெழங்கு தோல் சீவிக்கிட்டிருந்தப்ப. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டா எந்தப் பிசுக்கும் போயிடும், பெஞ்சுல கொழந்தைங்க கிறுக்கினதையே நான் அதுலதான் தொடச்சேன்னா. பெஞ்சு மரம். அத நான் யோசிக்கல.

இல்ல, என்னோடது இல்ல. ஒரு தோழியோடதுன்னு சொன்னேனே. வேட்டைத் துப்பாக்கி, தோள்ல சாச்சுக்குற கட்டை மட்டும் பிளாஸ்டிக்கு. அதத் தொடைக்க எந்தப் பாட்டில் வாங்குனா கேடு வராதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னா. உங்க கடையில இருக்குற இந்த மூணுல எது? சரி, பிளாஸ்டிக்குக்கு ஆகும்னு மேலயே போட்டிருக்கணும். அப்பவும் மொதல்ல கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு சொட்டு வெச்சுப் பாக்கணும். ம். வெறும் அழுக்குன்னா வெதுவெதுப்பான தண்ணியில ஒரு துளி சோப்பு விட்டு, துணிய நல்லாப் புழிஞ்சு தொடச்சாலே போதுமா? சோப்பா. வீடு நெறைய சோப்பு இருந்துச்சே தம்பி.

நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகவே ஆகாதா. கார் பிரேக்குக்கு அடிப்பாங்களே, அந்த ஸ்ப்ரேயும் ஆகாதா. சில பிளாஸ்டிக்கு தாங்கும், சிலது எளகிடும், எது எதுன்னு பாத்த ஒடனே தெரியாது, அதனால ரெண்டையும் கிட்டயே கொண்டு போகக் கூடாது. சரி, தோழிகிட்ட சொல்லிடுறேன்.

என்ன பாக்குறீங்க? இந்தப் பையா? அது சும்மா.

சரி விடுங்க. பொய் சொல்லிட்டுப் போனா அப்பறம் ஜெபம் பண்ண நாக்கு எழும்பாது எனக்கு. தோழியும் நான்தான், துப்பாக்கியும் உள்ளதான் இருக்கு. தொறங்க. குண்டு இல்ல, மூணு தரம் பாத்துட்டேன், நீங்களும் ஒரு தரம் பாத்துக்கோங்க.

ஆமா, அது ரோஜாப்பூ. அதுவும் ரோஜாப்பூ. மொத்தம் பதினொண்ணு இருக்கு, எண்ணிட்டேன். புதன்கிழமை சாயந்தரம் ரிமூவர ஊத்தித் தேய்ச்சேன். பளபளன்னு வந்துச்சு தம்பி, அவ்வளவு சந்தோசம். காயட்டும்னு தையல் மேசையில, நானே ரோஜாப்பூ போட்டுப் பின்னின விரிப்பு மேல படுக்க வெச்சேன். காலையில தூக்குறேன், விரிப்பும் சேந்து வருது. உரிச்சு எடுத்தா துப்பாக்கியில பூ, விரிப்புல ஓட்டை. சிரிங்க, சிரிங்க. நானே அழுது முடிச்சுட்டு சிரிச்சேன். மானுக்கு நேரா நீட்டுனா அது பயந்து ஓடாது, மோந்து பாக்கத்தான் வரும்.

யாரோடதா? எம் மகன் கர்ட்டிஸோடது. பிட்ஸ்பர்க்ல இருக்கான். நாலு வருசமா வீட்டுப் பக்கம் வரல. அவனுக்கும் அவங்க அப்பாவுக்கும் சண்டை. பெருசா ஒண்ணும் இல்ல, மான் சண்டைதான். எங்க வீட்டுக்காரரு ஹார்லனுக்குக் காட்டுல ஒரு மரம் இருக்கு, மேல ஒக்காந்து மான் சுடுறதுக்கு ஒரு பரண். சர்ச்சுல அவர் ஒக்கார்ற பெஞ்சுல கூட வேற ஆள் ஒக்காந்தா பொறுத்துக்குவாரு, அந்தப் பரண்ல ஒக்காந்தா பொறுத்துக்க மாட்டாரு. சீசன் தொடங்குன மொத நாள், இவருக்குக் காய்ச்சல், படுத்திருந்தாரு. பையன் போயி அதுல ஒக்காந்து, இவரு மூணு வருசமா பாத்துப் பாத்துப் பேரு வெச்சிருந்த கொம்பு மானச் சுட்டுட்டு வந்துட்டான். அதுவும் இந்தப் பிளாஸ்டிக்கு வெச்சதுல. ஹார்லனுக்கு வால்நட் மரக் கட்டை வெச்சாதான் துப்பாக்கி. பொம்மையக் கொண்டு போயி எம் மானச் சுட்டுட்டியா, உயிரு இருக்குற வரைக்கும் இந்தப் பொம்மைய எங் கையால தொட மாட்டேன்னாரு. அப்ப நானும் வீட்டுக்குள்ள வர மாட்டேன்னு அவன் இத அப்படியே போட்டுட்டுக் கெளம்பிட்டான்.

இந்த வருசம் நன்றித் திருநாளுக்கு வர்றேன்னு அவனே போன் பண்ணான். சனிக்கிழமை வேட்டைக்கும் இருக்கேன்னான். நாலு வருச ஜெபம் தம்பி. அதான் தொடச்சு வெப்போம்னு எடுத்தேன். இப்ப இதப் பாத்தா அவன் என்ன நெனைப்பான்? அப்பாதான் வஞ்சம் வெச்சு நாசம் பண்ணிட்டாருன்னு நெனைப்பான். வாசல்லயே திரும்பிடுவான்.

அந்தப் பக்கமா? ஆமா, அதையும் காட்டணும்னு இருந்தேன். விரல் பதிஞ்சிருக்கு பாருங்க, பிசைஞ்ச மாவுல அமுக்குன மாதிரி. அது எப்படி வந்துச்சுன்னே புரியல. நான் எடுத்தப்பவே அந்தப் பக்கம் பிசுபிசுன்னுதான் இருந்துச்சு. நாலு வருசத்து அழுக்குன்னு நெனச்சு ரிமூவர எடுத்ததே அதனாலதான். எங் கட்டைவிரல வெச்சுப் பாத்தேன், தொளதொளன்னு நிக்குது.

மறுபடி ஏன் சிரிக்கிறீங்க?

இன்னிக்குக் காலையில ஒருத்தர் வந்தாரா? இதே கேள்வியா? பிரேக் ஸ்ப்ரே அடிச்சா பிளாஸ்டிக்கு எளகுமான்னா? அதுவும் நண்பருக்காகவா. துப்பாக்கியக் கொண்டாங்க பாக்குறேன்னதுக்கு, நண்பர் வீட்டு அலமாரியில இருந்து அது காணாமப் போச்சுன்னாரா.

செவப்புத் தொப்பியா? வலது கைய பாக்கெட்டுல இருந்து எடுக்கவே இல்லியா?

அப்படியா.

இந்த வாரம் பூரா, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஜெபத்துக்குக் கை கோக்கும்போது, எங்க வீட்டு மனுசன் கட்டைவிரல உள்ள மடக்கி வெச்சுக்கிட்டு முஷ்டியத்தான் நீட்டுறாரு. பையன் வர்றது புடிக்கலபோல, கோவமா இருக்காருன்னு நெனச்சு நான் தனியா வேற ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். விரல்ல ஒட்டுன பிளாஸ்டிக்கையில்ல மறைச்சிருக்காரு. செவ்வாக்கிழமை நான் கெழங்கு சீவிக்கிட்டிருந்த நேரத்துல, வீட்டுல அலமாரி தொறந்திருக்கு.

இல்ல தம்பி, புதுக் கட்டையெல்லாம் வரவழைக்க வேணாம். அந்தச் சோப்பு விசயம் மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஆகும்.

ரோஜாப்பூவ வேணா தேய்ச்சு எடுங்க, முடிஞ்ச வரைக்கும். அந்தக் கட்டைவிரல் பக்கத்த மட்டும் தொடாம விட்டுடுங்க, அத கர்ட்டிஸ் பாக்கணும்.