பால்கனி ரூம்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மாளும் அவருடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் செல்போனில் ஒரு சொகுசுக் கப்பலைக் காட்டினாள்.

“பால்கனி ரூமாம் மைனி. ஒங்க மவன் அந்தோணி வேல பாக்கிற கப்பலு. துட்டு கிடையாது, வாங்கன்னு சொல்லுதான். போயிட்டு வருவோமே.”

“அந்த பால்கனியில எவ வேணா நிக்கட்டும். நான் நிக்க மாட்டேன்.”

“ஏன் மைனி?”

“ஏனா? கொரோனாவுல மும்பைக்கு எதுக்க கப்பல நிப்பாட்டி, ஒருத்தனையும் எறக்கி விடல. அந்த பால்கனியில நின்னுதான் ஒங்க அண்ணன அடக்கம் பண்ணினத எம்மவன் போன்ல பாத்தான். மறந்துட்டியாளா?”

கப்பல் வேலைக்குப் படிக்கும் என் மகனுக்குச் சட்டை வாங்கப் போய்க்கொண்டிருந்த நான், உப்பளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அது போன கத மைனி. இப்ப கப்பல்ல கூட்டம் அலமோதுதாம்.”

“கூட்டந்தான! கல்லறைத் திருநாளுக்கு வாலேன்னு கூப்பிட்டேன். ‘சீசன்மா, லீவு தர மாட்டாங்க, நீ இங்கன வா’ங்கான். அன்னைக்கு நோயின்னு எறக்கி விடல. இன்னைக்குக் கூட்டம்னு எறக்கி விடல. நானும் ஏறிப் போயிட்டா அவுக கல்லறையில யாருளா மெழுகுதிரி ஏத்துவா, கேப்டனா?”