பேர் போட்டால் திறக்காத கம்ப்யூட்டர்

ஆரணியிலிருந்து தேசூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த பெண், “அவரு பேரப் போட்டா ஒரு நாள் வராரு, ஒரு நாள் வரமாட்டேங்கிறாருண்ணா” என்றதும் நிமிர்ந்து பார்த்தேன்.

பட்டுக்கடையில் சேலை டிசைன் வரைந்துகொண்டிருந்த அவள் கணவர் போன மாதம் இறந்துவிட்டாராம். இப்போது அந்த வேலையை இவள் செய்கிறாள். கடைக் கம்ப்யூட்டரை வீட்டு லேப்டாப்பிலிருந்தே, அதன் பேரை டைப் செய்து, ரிமோட்டில் திறக்கிறாள்.

பக்கத்தில் நின்றவர் அந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர்.

“அதுக்கு ரெண்டு ஐபி அட்ரஸ் நம்பரும்மா. வயருக்கு ஒண்ணு, வைஃபைக்கு ஒண்ணு. பேரப் போட்டா சில நேரம் வைஃபை பக்கம் போயி நின்னுடுது. பேர வுட்டுட்டு வயரு நம்பரையே போடுங்க, ஜல்தியா தொறக்கும்.”

“நம்பர் வேணாண்ணா.”

“ஏம்மா?”

“கம்ப்யூட்டருக்குத் தன் பேர அவருதான் வெச்சாரு. புள்ள அழுவுதுன்னு வீட்ல யாரும் அந்தப் பேர சொல்றதில்ல. நான் அங்க மட்டுந்தான் டைப் பண்ணிகினு இருக்கேன்.”

அவர் கம்பியைப் பிடித்தபடி அவள் பக்கம் குனிந்தார்.

“நாளைக்கு வைஃபைய நிறுத்திடறேம்மா. அப்புறம் ஒரே அட்ரஸுதான். நீங்க பேரே போடுங்க.”