ஒரே சஹனில் நாலு பேர்

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"இவர்ர ஒப்பரேஷன் காயம் ஆறினதுக்கு, சோத்துச் சஹன்ல இவரோட இருந்த நாலு பேருக்கும் துஆ செய்யணும் ராத்தா" என்றார் இளையவர்.

"என்ன புள்ள கதைக்காய்?"

"ரத்தத்துல சீனியக் குறைக்காம வெட்டினா காயம் பழுக்கும் எண்டுட்டார் டொக்டர். அதுக்குள்ள மூணு கலியாணச் சாப்பாடு. ஒரே சஹனச் சுத்தியிருந்து தின்னுற கூட்டாளிமாருக்கிட்ட முதலே சொல்லி வச்சன். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தா, இவர் கைய நீட்ட முன்னயே அவங்க வழிச்சித் திண்டிருவாங்க."

"பாவம் மனிசன்."

"இண்டைக்குத் தையல் நூல் வெட்டியாச்சி. ஒரு சொட்டுச் சீழ் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"அந்த நாலு பேருக்கும் சொன்னியா?"

"ஓம், நேர்லயே கண்டன். சீனிக் கிளினிக்ல இவருக்குப் பின்னால வரிசையா இருந்தாங்க."