கடலுக்கு மேலே அஞ்சு மணி நேரம்

மிலூதா: அந்தத் திரையையே முறைச்சுக்கிட்டிருந்தா விமானம் வேகமாப் போயிடுமா?

புஷைப்: இல்ல... அந்தக் குட்டி விமானம் இடத்தை விட்டு நகருற மாதிரியே தெரியல.

மிலூதா: காசாபிளாங்காவுல ஏறினதுலேர்ந்து இதே பேச்சுதான். மான்ட்ரியாலுக்கு இன்னும் எவ்வளவு தூரமாம்?

புஷைப்: மொத்தம் ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். அதுல இன்னும் நாலாயிரம்...

மிலூதா: அய்யோ, தூரக் கணக்கு வேண்டாம். நேரத்தைச் சொல்லுங்க.

புஷைப்: அஞ்சு மணி நேரம். எதிர்க்காத்து. திரும்பி வரும்போது சீக்கிரம் வந்துடலாம், போறப்பத்தான் இழுக்கும்.

மிலூதா: யா ரப்பி! குலுங்குது... கையைக் குடுங்க!

புஷைப்: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம ஊர் பஸ் குலுங்கலையா?

மிலூதா: பஸ்ஸுக்கு அடியில ரோடு இருக்கு. இதுக்கு அடியில?

புஷைப்: கடல்.

மிலூதா: கேட்டா உடனே சொல்லிடணுமா!

புஷைப்: உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?

மிலூதா: உங்க கை மட்டும் அடுப்புல வெச்ச மாதிரியா இருக்கு?

புஷைப்: சரி, அந்த ரொட்டியைப் பிச்சு ஒரு வாய் போடு.

மிலூதா: நீங்க தொட்டீங்களா?

புஷைப்: எனக்குப் பசிக்கல... ஆமா, பை நிறைய எள்ளு மாவு எதுக்கு வறுத்து எடுத்துட்டு வந்த?

மிலூதா: நம்ம புள்ள ஹிஷாமுக்குப் புடிக்கும்ல. கால் உடைஞ்சா வாய் சாப்பிடாதா?

புஷைப்: சாப்பிடும்... சாப்பிடும்.

மிலூதா: கால்தானே?

புஷைப்: கால்தான். பனியில கார் வழுக்கிடுச்சு... கால்தான்.

மிலூதா: எந்தக் கால்?

புஷைப்: வலது.

மிலூதா: காலையில இடதுன்னீங்க.

புஷைப்: இடதோ வலதோ! நான் என்ன டாக்டரா?

மிலூதா: கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. நெஞ்சை ஏன் தடவுறீங்க? மாத்திரை போட்டீங்களா?

புஷைப்: போட்டேன், போட்டேன். மிலூதா... இறங்கினதும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மிலூதா: இப்பவே சொல்லுங்க.

புஷைப்: இங்க வேண்டாம். நடுக்கடல்ல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்?

மிலூதா: எனக்கும் அந்தப் பயந்தான்.

புஷைப்: எதுக்கு?

மிலூதா: உங்க நெஞ்சு தாங்கலைன்னா... நான் யாரைக் கூப்பிடுவேன்?

புஷைப்: நீ... உனக்கு யாரு...

மிலூதா: நம்ம மருமக முதல்ல எனக்குத்தான் போன் பண்ணினா. ‘மாமாகிட்ட கால்னு மட்டும் சொல்லு’ன்னு சத்தியம் வாங்கினேன்.

புஷைப்: பாவம் அந்தப் பொண்ணு... என்கிட்ட மறைக்க முடியாம அழுதுட்டா. உன்கிட்ட கால்னு சொல்லச் சொல்லி நானும் சத்தியம் வாங்கினேன்.

மிலூதா: அதான் வலது, இடதுன்னு மாத்தி மாத்திச் சொன்னீங்களா...

புஷைப்: அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் வர்றியா? அந்த மூச்சு மெஷின் விஷயமும்?

மிலூதா: நாம போய் அவன் முகத்தைப் பாக்குற வரைக்குந்தான் அதை நிறுத்தாம வெச்சிருப்பாங்களாம்... அதான், இந்த விமானம் போய்ச் சேரவே கூடாதுன்னு அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டே வர்றேன்.