ஓலைக்கு அடியில் ஷீட்டு

தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் பஸ். பேப்பர் படிப்பதுபோல் ஒட்டுக்கேட்பது எனக்குக் கைவந்த கலை. முன்சீட்டுக்காரர் தன் அக்கா புருஷனிடம் பொருமிக்கொண்டிருந்தார்.

“பேரூராட்சித் தலைவர் நேத்து கூட்டத்துல செலவுக் கணக்கு படிச்சாரே மாமா, என் வூட்டுக்கு ஷீட்டு போட்டுக் குடுத்தாராம்!”

“உன்து ஓலைக் கூரையாச்சே மச்சான்?”

“ஓலைக்கு அடியில ஷீட்டு கீது. என் காசுல போட்டது. கூரை வூடுன்னா வரி கம்மின்னு மேல ஓலையப் போட்டு மூடிகினேன்.”

“‘நீ இன்னா குடுத்தே?’ன்னு எழுந்து கேக்கறதுதானே?”

“கேட்டா, வந்து ஓலையத் தூக்கிப் பாப்பாங்க. உள்ள ஷீட்டு இருக்கும். அவர் சொன்னது நெசமாயிடும், எனக்கு வரியும் ஏறிடும்.”

“அப்புறம் இன்னா பண்ணே?”

“இன்னா பண்றது? மொத ஆளா கை தட்டினேன்.”